சிங்கத்தின் முகமும் குரலும்

நேயர்களுக்கு வணக்கம்.

1994-இல் வந்த 'தி லயன் கிங்' படத்தை ஆங்கில வீடியோ கேசட்டில் பார்த்து வளர்ந்தவன் நான். வசனம் பாதிக்குமேல் புரியாது. ஆனால் மந்தை ஓடி ஓய்ந்த பள்ளத்தாக்கில், சிங்கக்குட்டி சிம்பா, செத்துக்கிடக்கும் அப்பாவின் காதைக் கவ்வி இழுத்துப் பார்க்குமே, பிறகு அசையாத அந்தக் கைக்குள் புகுந்து ஒண்டிக்கொள்ளுமே, அதற்கு எந்த மொழியும் தேவைப்படவில்லை. அந்தப் படத்தின் ஓவியர்கள் உயிருள்ள சிங்கங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரைந்து பழகியவர்கள். ஆனாலும் சிங்கத்துக்கு இல்லாத புருவத்தைக் கொடுத்தார்கள். அழுகையும் வஞ்சகமும் அந்தப் புருவத்தில்தான் இருந்தன.

2019-இல் ஜான் ஃபேவ்ரோ அதே கதையை மறுபடி எடுத்தார். எல்லாமே அச்சு அசல் நிஜம் போல இருக்கும். ஆனால் நிஜக் கேமராவில் எடுத்தது தொடக்கத்தில் வரும் சூரிய உதயம் ஒன்றுதான். மீதி முழுக்கக் கணினி வேலை. அதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. சிம்பாவின் பிடரி மயிர்க் கொத்து ஒன்று காற்றில் பறக்கிறது, ஆற்றில் மிதக்கிறது, ஒட்டகச்சிவிங்கியின் வயிற்றுக்குள் போய்ச் சாணத்தோடு வெளியே வருகிறது. அதை வண்டு உருட்டிப் போகிறது; கடைசியில் எறும்புகள் தூக்கிவர, ரஃபிகி என்ற கிழட்டுக் குரங்கின் கையில் சேர்கிறது. உயிர்களின் சுழற்சியை, பேச்சே இல்லாமல், பழைய படத்தைவிட அழகாகச் சொன்ன காட்சி அது.

சரி, அப்பா சாகும் காட்சி? அங்கேதான் எனக்கு மனது ஒட்டவில்லை. குட்டியின் முகம் நிஜச் சிங்கக்குட்டி முகம்; அதில் துக்கம் தெரியாது. முகம் கொடுக்காததையெல்லாம் குரல் கொடுத்தாக வேண்டும். அப்பா சிங்கம் முஃபாசாவுக்கு, முதல் படத்தில் பேசிய ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸையே 25 ஆண்டுகள் கழித்தும் பேச வைத்தது அதனால்தான் பலித்தது என்பேன்.

தமிழிலும் அப்படி ஒரு விஷயம் நடந்தது. முதல் படத்தின் தமிழ் வடிவத்தில் வளர்ந்த சிம்பாவுக்குக் குரல் கொடுத்தவர் அரவிந்த் சாமி. 2019-இல் சிம்பா சித்தார்த்துக்குப் போக, அரவிந்த் சாமி வில்லன் சித்தப்பா ஸ்காராகப் பேசினார். அவசரமே இல்லாமல், தேன் தடவினாற்போல அவர் பேசும்போது, திரையில் அசையாத அந்த முகத்துக்கும் ஒரு வன்மம் வந்துவிடுகிறது.

உங்கள் வீட்டுக் குழந்தைகளுக்கு இரண்டையும் காட்டுவதாக இருந்தால், வரைந்த படத்தை முதலில் காட்டுங்கள். அப்புறம் புதியதைத் தமிழிலேயே போடுங்கள்.

நன்றி, வணக்கம்.