முந்திய செய்தி, பிந்திய ஆய்வறிக்கை

நடுவர் அவர்களே, போதைப்பொருள் செய்திகளால் மக்களிடம் பெருகுவது விழிப்புணர்வா, வீண் பீதியா? பீதியே என்று வாதிட வந்திருக்கிறேன்.

"பத்திரிகை எழுதாவிட்டால் பெற்றோருக்கு எப்படித் தெரியும்?" என்று எதிரணித் தலைவர் கேட்டார். சரி, என்ன தெரியவந்தது என்று பார்த்துவிடுவோம்.

2010 மார்ச். இங்கிலாந்தின் ஸ்கன்தார்ப் நகரில் 18, 19 வயதுள்ள இரண்டு இளைஞர்கள் இறந்துபோனார்கள். கொன்றது மெஃபெட்ரோன் என்ற போதைப்பொருள் என்று உடனே தலைப்புச் செய்திகள் வந்தன. ரத்தத்தில் என்ன இருந்தது என்று ஆய்வகம் சொல்ல வாரக்கணக்கில் ஆகும். அச்சு இயந்திரமோ அன்றிரவே ஓடியாக வேண்டும்! ஏப்ரல் 16 அன்று மெஃபெட்ரோனுக்குத் தடையும் வந்துவிட்டது. மே கடைசியில் ஆய்வு முடிவு வந்தது. இருவர் உடலிலும் மெஃபெட்ரோன் துளியும் இல்லை. உயிரைப் பறித்தவை மதுவும், ஹெராயின் வகையைச் சேர்ந்த மெத்தடோன் என்ற மருந்தும்.

பெயரில்தானே பிழை என்று விட்டுவிட முடியாது, நடுவர் அவர்களே. மெஃபெட்ரோன் கிளர்ச்சியூட்டும், நெஞ்சு படபடக்கும், தூக்கம் வராது. மெத்தடோன் நேர் எதிர். மூச்சை மெல்ல மெல்ல அடக்கும். செய்தியை நம்பிய தாய், பிள்ளை துடிக்கிறானா என்றுதான் பார்ப்பாள். அவன் குறட்டை விட்டால், நல்ல தூக்கம் என்று கதவைச் சாத்திவிட்டுப் போவாள். அந்தக் குறட்டைதான் ஆபத்தின் அறிகுறி!

பறிமுதல் செய்திகளும் இப்படித்தான். மூட்டையாகப் பிடிபட்ட சரக்குக்குச் சில்லறையில் கிராம் கணக்கில் விற்கும் விலையைப் போட்டுப் பெருக்குகிறார்கள். கலப்படம் எவ்வளவு, எடையில் உறையும் சேர்ந்திருக்கிறதா என்று கேட்பதில்லை. தொகை மட்டும் கொட்டை எழுத்தில்.

எழுதவே வேண்டாம் என்று எங்கள் அணி சொல்லவில்லை. முதல் பத்தியிலேயே "ஆய்வு முடிவு இன்னும் வரவில்லை" என்று போடுங்கள். முடிவு வந்ததும் அதே பக்கத்தில், அதே அளவில் போடுங்கள். பக்கத்தில் ஒரு சிறு பெட்டிச் செய்தி: உதடு நீலம் பாய்ந்து, மூச்சு தாழ்ந்து, எழுப்பியும் எழாவிட்டால் ஆம்புலன்ஸை அழையுங்கள். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஹெராயின், மெத்தடோன் வகை என்றால் நலோக்சோன் மருந்து சில நிமிடங்களில் மூச்சை மீட்கும். ஆனால் அதன் வேகம் ஒன்றரை மணி நேரத்துக்குள் தணிந்துவிடும். மெத்தடோன் அதற்குப் பிறகும் உடலில் இருக்கும். கண் விழித்துவிட்டானே என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ளாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.