ஒரு கோட்டுக்காக இவ்வளவு அக்கப்போரா? | த லாஸ்ட் லாஃப்

வணக்கம் மக்களே! டிஸ்க் வந்துவிட்டது! இயக்குநர் முர்னாவின் 1924 ஜெர்மன் மௌனப் படம், 'த லாஸ்ட் லாஃப்'. டிஸ்க் 1,600 ரூபாய், சரி. கூரியருக்கு 1,350! அதற்கு மேல் சுங்க வரி வேறு. இவ்வளவு அழுதும், வேறு ரீஜன் (வேறு நாடுகளில் மட்டும் ஓடும்படி பூட்டிய டிஸ்க்) என்று என் பிளேயர் அதை வெளியே துப்பிவிட்டது. பக்கத்து வீட்டுத் தம்பியின் பழைய டிரைவ் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டது. விசிலே அடித்துவிட்டேன்.

சரி, படம். பெர்லினில் ஒரு பெரிய ஓட்டல். வாசலில் காவலாளியாக நடிகர் எமில் யானிங்ஸ். கதவு திறப்பதும் பெட்டி தூக்குவதும்தான் வேலை. ஆனால் அந்த நீளக் கோட்டும் பளபளக்கும் பட்டன்களும் இருக்கிறதே! அதோடு தன் குடியிருப்புக்குள் நுழைந்தால் அக்கம்பக்கமே வணக்கம் வைக்கிறது, இவர் தளபதி தோரணையில் சல்யூட் அடிக்கிறார். ஒருநாள் கனமான பெட்டியைத் தூக்கிவிட்டு மூச்சு வாங்க உட்காருவதை மேலாளர் பார்த்துவிடுகிறார். அவ்வளவுதான், கழிப்பறை வேலைக்கு மாற்றம்.

கோட்டைக் கழற்றும் இடத்தைக் கவனியுங்கள். ஒரு பட்டன் அறுந்து தரையில் விழுகிறது. அதற்குப் பிறகு நிற்கிறாரே, உரித்த கோழி மாதிரி! முதுகு அப்படியே வளைந்துவிடுகிறது. சம்பளம் எவ்வளவு குறைந்தது என்று படம் கவலைப்படவே இல்லை.

இருங்கள், முக்கியமானதை விட்டுவிட்டேன். அன்றே வீட்டில் கல்யாண விருந்து. வெறும் ஆளாக எப்படிப் போவது? ராத்திரியில் கோட்டைத் திருடிக்கொண்டு போகிறார்! மறுநாள் அதை ரயில் நிலையத்தில் பெட்டி வைக்கும் இடத்தில் கொடுத்துவிட்டு வேலைக்குப் போகிறார். திரும்பும்போது மறுபடி மாட்டிக்கொள்கிறார். அதற்குள் குட்டு உடைந்துவிடுகிறது. முந்தின நாள் கும்பிட்ட அதே வாய்கள் சிரிக்கின்றன.

முடிவு எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. கதையை நகர்த்த வசன அட்டையே (மௌனப் படங்களில் நடுவே வரும் எழுத்துத் திரை) வைக்காத படம், கடைசியில் மட்டும் ஒன்று போட்டு, ஆசிரியருக்கு இரக்கம் வந்ததாகச் சொல்லி, கோடீஸ்வரன் சொத்தை இவர் தலையில் கொட்டுகிறது. கமெண்டில் சண்டைக்கு வாருங்கள்.

இதே யானிங்ஸ் 1928-ல் ஹாலிவுட்டில் 'த லாஸ்ட் கமாண்ட்' நடித்தார். முன்னாள் ரஷ்யத் தளபதி, இப்போது துணை நடிகர். தளபதி வேடம்தான் கொடுக்கிறார்கள்! பதக்கத்தைத் தப்பான இடத்தில் குத்தும் உதவி இயக்குநரை இவர் திருத்த, அவனோ ரஷ்யப் படங்கள் நிறைய எடுத்தவன் என்று இவருக்கே பாடம் நடத்துகிறான். எனக்கு அவனை அறையலாம் போல இருந்தது.