கல்ச்சுரல்ஸ், சிம்போசியம், வெல்னஸ் செஷன்: எதற்குப் போகலாம்?

அடுத்த கேள்வி திருவாரூர் பக்கமிருந்து ஒரு தங்கச்சி அனுப்பியது. அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஒரு கல்லூரியில் முதலாம் ஆண்டு படிக்கிறார். "கேம்பஸில் சிம்போசியம், கல்ச்சுரல்ஸ், யோகா, வெல்னஸ் செஷன் என்று ஏதாவது நடந்துகொண்டே இருக்கிறது. எனக்குப் பாடவும் வராது, ஆடவும் வராது. அப்பாவோ படிக்கிற வேலையை மட்டும் பார் என்கிறார். நான் இதற்கெல்லாம் போகலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

முதலில் அப்பாவுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். அவர் கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது. அண்ணா பல்கலை விதிப்படி 75 சதவீதம் அட்டென்டன்ஸ் வேண்டும். 65-க்கும் 75-க்கும் நடுவில் நின்றால், உடம்பு சரியில்லை, விளையாட்டுப் போட்டிக்குப் போனேன் என்பது மாதிரி காரணங்களுக்குத்தான் விலக்கு. கல்ச்சுரல்ஸில் ஆடினேன் என்றால் எடுபடாது. ஓ.டி. (ஆன் டியூட்டி, அதாவது கல்லூரி வேலையாகப் போனதாகக் கணக்கில் வைத்து வருகை தருவது) கொடுப்பார்களே என்று சீனியர்கள் சொல்வார்கள். கொடுப்பார்கள்தான். ஆனால் அது கல்லூரிக்குக் கல்லூரி, ஏன், துறைத் தலைவருக்குத் துறைத் தலைவர் மாறும். அதனால் ஓ.டி. லெட்டரில் கையெழுத்து வாங்கிவிட்டு நிகழ்ச்சிக்குப் போங்கள். போய்விட்டு வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள்.

இப்போது உங்கள் கேள்வி. பாட வராது, ஆட வராது என்கிறீர்கள். சரி, மேடைக்குப் பின்னால் போங்கள். என்னைக் கேட்டால் கேம்பஸ் விழாவில் கற்றுக்கொள்ள அதிகம் இருக்கிற இடம் அதுதான். சென்னை ஐ.ஐ.டி.யின் சாரங் விழாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1974-இல் மார்டி கிரா என்ற பெயரில் தொடங்கி, 1996-இல் சாரங் ஆனது. அதை நடத்துவது மாணவர்கள். அங்கேயே நடக்கிற சாஸ்த்ரா என்ற தொழில்நுட்ப விழாவும் அப்படித்தான். மாணவர்களே நடத்தி ஐ.எஸ்.ஓ. 9001 தரச் சான்றிதழ் வரைக்கும் வாங்கிய விழா அது. திருச்சி என்.ஐ.டி.யில் ஃபெஸ்டெம்பர் 1975-இலிருந்து நடக்கிறது.

உங்கள் கல்லூரி விழா இந்த அளவுக்குப் பெரிதாக இருக்காது. ஆனால் வேலை அதே வேலைதான். சவுண்ட் சிஸ்டத்துக்கு மூன்று இடத்தில் கொட்டேஷன் வாங்க வேண்டும். ஸ்பான்சர்ஷிப் கேட்டுக் கடை கடையாக ஏற வேண்டும், பாதிப் பேர் முதலாளி ஊரில் இல்லை என்பார்கள். ஜட்ஜாக வருகிறவரை ஸ்டேஷனிலிருந்து கூட்டிவர வேண்டும், அவர் சாப்பிட்டாரா என்று பார்க்க வேண்டும். வெளியூரிலிருந்து வரும் மாணவிகளுக்கு ஹாஸ்டலில் இடம் வேண்டுமென்று வார்டனிடம் போய் நிற்க வேண்டும். கடைசியில் ஒவ்வொரு பில்லையும் ஒட்டிக் கணக்கு ஒப்படைக்க வேண்டும், ஒரு பில் தொலைந்தாலும் கேள்வி வரும். முன்பின் தெரியாத ஒருவரிடம் போன் போட்டு, எனக்கு இது வேண்டும் என்று தெளிவாகக் கேட்கும் பழக்கம் எந்த லேபிலும் வராது, இங்கே வரும். முதலாம் ஆண்டில் ரெஜிஸ்ட்ரேஷன் டெஸ்கில்தான் உட்கார வைப்பார்கள். பரவாயில்லை, உட்காருங்கள்.

மாணவர்கள் பேப்பர் வாசிக்கிற சிம்போசியத்துக்கு வருவோம். வெளிப்படையாகச் சொல்கிறேன், சான்றிதழ் சேர்ப்பதற்காகவே ஊர் ஊராகப் போகிற கூட்டம் ஒன்று உண்டு. இணையத்திலிருந்து எடுத்த பேப்பர், ஐந்து நிமிஷப் பிரசன்டேஷன், பிரியாணி, சர்டிஃபிகேட், பஸ். அதில் உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது. அதைவிட நல்ல உரை எங்கே நடக்கிறது என்று தேடுங்கள், முடிந்தால் உங்கள் துறை அல்லாத உரை. பிப்ரவரி 28, ராமன் விளைவு 1928-இல் கண்டுபிடிக்கப்பட்டதைக் கொண்டாடும் தேசிய அறிவியல் நாள். அதையொட்டிப் பல பல்கலைக்கழகங்களும் ஆய்வு நிறுவனங்களும் தங்கள் ஆய்வகங்களைப் பார்க்க அனுமதிக்கும். சென்னைக்கு வர வாய்ப்புக் கிடைத்தால், தரமணி கணித அறிவியல் நிறுவனத்தின் பொது உரைகளைத் தவறவிடாதீர்கள். எல்லாம் புரிய வேண்டும் என்று அவசியமில்லை. முடிந்ததும் ஒரு கேள்வி கேட்டுவிட்டு வாருங்கள், ஆங்கிலம் தடுமாறினாலும் கேளுங்கள்.

என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஒரு வார்த்தை. இரண்டு வருஷத்தில் 240 மணி நேரம், அதோடு ஏழு நாள் கிராம முகாம். இந்தப் பட்டியலில் ஒன்றே ஒன்றுதான் அப்பா அனுமதிப்பார் என்றால் இதைக் கேளுங்கள். அப்பாக்களிடம் சம்மதம் வாங்குவதும் சுலபம்.

அப்புறம் வெல்னஸ் செஷன். ஐந்நூறு பேரை ஆடிட்டோரியத்தில் உட்கார வைத்து, மன அழுத்தத்தைக் குறைப்பது எப்படி என்று ஒருவர் ஸ்லைடு போடுவார். அதுவும் இன்டெர்னல் தேர்வுக்கு முந்தின வாரம் வைப்பார்கள்! அட்டென்டன்ஸ் எடுக்கிறார்களே என்று போய் உட்காருகிறவர்கள்தான் அதிகம். அதற்காக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அந்த மேடையில் உங்கள் கல்லூரியின் கவுன்சலர் பேசினால், அவர் முகத்தையும் அறை எங்கே என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் கேட்பது வேறு, கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் பேசுவது வேறு. ஹாஸ்டலில் தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வீட்டு நினைப்பு வாரக்கணக்கில் விடவில்லை என்றால் அடுத்த செஷனுக்காகக் காத்திருக்காதீர்கள், நேரே அந்த அறைக்குப் போங்கள். கல்லூரியில் தெரிந்துவிடுமோ என்று தயக்கமாக இருந்தால், போனில் மனநல ஆலோசனை தரும் டெலி மானஸ் இருக்கிறது, எண் 14416. அரசு சேவை, இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.

இந்த செமஸ்டருக்கு விழா வேலை ஒன்று, நல்ல உரை இரண்டு மூன்று, அவ்வளவு போதும். இன்டெர்னல் அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தேதியைக் குறியுங்கள், அப்பாவிடமும் அதையே காட்டுங்கள். சரி, அடுத்த கேள்வி ஹாஸ்டல் கட்டணம் பற்றி வந்திருக்கிறது, அதற்குப் போவோம்.