பத்து பவுண்டு எப்போ கைமாறுச்சு? விக்டோரியா காலத்து தர்ம அப்ரண்டிஸ் கணக்கு

எல்லாருக்கும் வணக்கம். விக்டோரியா காலத்து இங்கிலாந்துல ஏழை வீட்டுப் பிள்ளைகளை தர்மப் பணத்துல தொழில் பழக, அதாவது அப்ரண்டிஸா அனுப்புனாங்க. அந்த ஏற்பாடு உள்ளுக்குள்ள எப்படி ஓடுச்சுன்னு இன்னைக்குப் பாக்கலாம். புண்ணியம் பண்ணாங்கன்னு சிலர் சொல்றாங்க, பிள்ளைகளை வித்தாங்கன்னு சிலர் சொல்றாங்க. நான் கேக்குறது ஒரே கேள்விதான்: பணம் எந்தத் தேதியில முதலாளி கைக்குப் போச்சு?

முதல்ல, பணம் ஏது? நிறைய ஊர்ல இது பழைய உயில் பணம். 1600-கள்லயும் 1700-கள்லயும் வசதியான வியாபாரிங்க நிலத்தை எழுதி வெச்சிட்டுப் போவாங்க. அந்தக் குத்தகை வருமானத்துல வருஷத்துக்கு இத்தனை ஏழைப் பையன்களைத் தொழில்ல சேத்துவிடணும், தலைக்கு இத்தனை பவுண்டுன்னு உயில்ல இருக்கும். நிர்வாகம் டிரஸ்டிங்க கையில. பெரும்பாலும் ஊர்ப் பாதிரியாரும் சர்ச் வார்டன்களும் (சர்ச் நிர்வாகத்தைப் பாக்குற ஊர்க்காரங்க) தான் டிரஸ்டி. பையனைச் சேத்துக்குற முதலாளிக்கு அவங்க குடுக்குற தொகைக்குப் பேரு பிரீமியம். கவனிங்க, இது பையனுக்குச் சம்பளம் கிடையாது. அவனை வெச்சுக்குறதுக்கு முதலாளிக்குக் குடுக்குற காசு.

சிக்கல் இங்கயே ஆரம்பிக்குது. உயில்ல 5 பவுண்டு, 10 பவுண்டுன்னு எழுதினவர் செத்து நூறு வருஷம் ஆயிருக்கும். விலைவாசி எங்கயோ போயிடுச்சு, உயில் அப்படியே நிக்குது. நல்ல இன்ஜினியரிங் பட்டறை, கடிகாரக்காரர், அச்சகம் எல்லாம் இதைவிடப் பல மடங்கு பிரீமியம் கேட்டாங்க. பத்து பவுண்டுக்கு யார் கை நீட்டுவா? செருப்பு தைக்கிறவர், தையல்காரர் மாதிரி, ஏற்கெனவே ஆள் கூடிப்போய் கூலி விழுந்து கிடக்குற தொழில்காரங்கதான். அதுலயும் அவசரமா ரொக்கம் தேவைப்படுறவர்தான் முதல் ஆளா வந்து நிப்பார்.

சரி, நடைமுறை. பையனுக்கு வயசு சாதாரணமா 14. அப்பாவோ விதவைத் தாயோ டிரஸ்டிகிட்ட மனு போடுவாங்க. அந்த ஊர்க்காரங்கதானா, நடத்தை எப்படின்னு விசாரிப்பாங்க. முதலாளியைத் தேடிப் பிடிக்கிற வேலை பல இடத்துல குடும்பத்துத் தலையிலதான். அப்புறம் சில வாரம் வெள்ளோட்டம்: பையன் பட்டறையில இருந்து பாப்பான், ரெண்டு பக்கமும் ஒத்துப்போனா ஒப்பந்தம். எனக்குக் கேட்டா, இந்த மொத்த ஏற்பாட்டுலயே உருப்படியான கட்டம் இதுதான். பையன் வேண்டாம்னு சொல்ல முடிஞ்ச ஒரே நேரம் அது.

ஒப்பந்தத்துக்கு அச்சடிச்ச படிவம் உண்டு. பேரு, தொழில், தொகை, வருஷம் மட்டும் பேனாவால நிரப்புவாங்க. ரெண்டு பிரதி. பழைய முறையில ஒரே தோல் தாள்ல ரெண்டு தடவை எழுதி, நடுவுல நெளிநெளியா வெட்டுவாங்க. ரெண்டு ஓரமும் பொருந்துனா அசல், பொருந்தலைன்னா போலி. வாசகம் நூற்றாண்டுக் கணக்கா மாறவே இல்லை. பையன் முதலாளியோட ரகசியத்தைக் காக்கணும். சீட்டு, பகடை ஆடக்கூடாது. மதுக்கடை, நாடகக் கொட்டகைப் பக்கம் போகக்கூடாது. கல்யாணம் பண்ணக்கூடாது. காலம் 7 வருஷம், அதாவது 21 வயசு வரைக்கும். பதிலுக்கு முதலாளி தொழிலைக் கத்துக்குடுத்து, சாப்பாடு, துணிமணி, படுக்க இடம் குடுக்கணும். ஒரு வேடிக்கை, 7 வருஷம்ங்கிற சட்டக் கட்டாயத்தை 1814-லயே எடுத்துட்டாங்க. ஆனா பழக்கம் போகலை.

இப்போ முக்கியமான இடத்துக்கு வர்றேன். முதலாளி பக்கம் கணக்குப் போடுங்க. முதல் ரெண்டு வருஷம் பையன் நஷ்டம். சாப்பிடுவான், தோலைத் தப்பா வெட்டிக் கெடுப்பான், பக்கத்துல ஒரு ஆள் நின்னு சொல்லிக்குடுக்கணும். நாலாவது வருஷத்துக்கு மேல லாபம். கைதேர்ந்த ஆள் செய்யுற வேலையில பாதிக்கு மேல செய்வான், செலவு சோறும் துணியும்தான். இப்போ பிரீமியம் முழுசையும் முதல் நாளே குடுத்துட்டா என்ன ஆகும்? மோசமான ஆள் பணத்தை வாங்கிக்குவார், ஆறு மாசம் அடியும் பட்டினியும் போடுவார், பையன் தானா ஓடிப்போவான். ஓடுனது பையனோட குத்தம்! பணம் முதலாளிகிட்டயே தங்கிடும். அடுத்த ஊர் டிரஸ்டிகிட்ட அடுத்த பையன்.

இதைத் தடுக்கத்தான் தவணை. விவரமான டிரஸ்டிங்க பாதியைக் கையெழுத்து அன்னைக்குக் குடுத்தாங்க. மீதி, பையன் இன்னும் அங்கயே இருக்கான்னு தெரிஞ்சப்புறம். ஏழை விடுதிப் பிள்ளைகளை (வொர்க்ஹவுஸ்னு சொல்ற, கதியில்லாதவங்களை வெச்சுப் பாத்த அரசாங்க விடுதி) அரசாங்க ஏழைச் சட்டத்துல அனுப்புனப்போ இதையே விதியாப் போட்டாங்க. 1847 பொது ஆணைப்படி பிரீமியத்துல ஒரு பங்கு துணியாத்தான் இருக்கணும். ரொக்கத்துல பாதி சேர்றப்போ, மீதி முதல் வருஷம் முடிஞ்சப்புறம். 9 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளை, தன் பேரைப் படிக்க எழுதத் தெரியாத பிள்ளை, இவங்களை அனுப்பக்கூடாது. எட்டு வருஷத்துக்கு மேல கட்டிப்போடக்கூடாது. காகிதத்துல பாத்தா தர்ம டிரஸ்டுகளைவிட இது எவ்வளவோ இறுக்கம்.

ஆனா தவணை முதல் வருஷத்தை மட்டும்தான் காப்பாத்தும். கடைசி வருஷங்கள்ல கோளாறு வேற மாதிரி. சில பட்டறையில வளர்ந்த தொழிலாளியே கிடையாது, எல்லாம் அப்ரண்டிஸ் பையன்கள். ஒருத்தனுக்கு ஒரே ஒரு வேலை, குதிகால் ஒட்டுறதுன்னா ஏழு வருஷமும் குதிகால்தான். 21 வயசுல வெளிய வந்தா முழுச் செருப்பு தைக்கத் தெரியாது. இதுக்கு எந்தத் தவணையும் மருந்து இல்லை. பட்டறைக்குள்ள போய்ப் பாக்குற ஆள் வேணும்.

அந்த ஆள் இருந்தாரா? 1850 கடைசியில லண்டன்ல ஜேன் வில்பிரட்னு ஒரு ஏழை விடுதிப் பொண்ணு, வேலைக்குப் போன வக்கீல் வீட்டுல பட்டினியும் அடியுமா சாகுற நிலைமைக்குப் போனா. ஊரே கொதிச்சுது. 1851-ல சட்டம் வந்துச்சு: ஏழை விடுதி அனுப்புன பிள்ளைகளுக்குப் பதிவேடு வைக்கணும், 16 வயசுக்குக் கீழ இருந்தா வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது அதிகாரி நேர்ல போய்ப் பாக்கணும். உயில் பணத்துல போன பையன் இதுல வரமாட்டான். அவனுக்கு டிரஸ்டியோட மனசாட்சிதான்.

ஓடிப்போனவனுக்கு? 1875 வரைக்கும் மாஜிஸ்ட்ரேட் நேரா சிறைக்கு அனுப்பலாம். அந்த வருஷம் வந்த சட்டம், பிரீமியம் 25 பவுண்டுக்கு மேல போகாத அப்ரண்டிஸ்களை எடுத்துக்குச்சு. முதல்ல வேலைக்குத் திரும்புன்னு உத்தரவு. ஒரு மாசமாவது கழிச்சும் கேக்கலைன்னா அதிகபட்சம் 14 நாள் சிறை. அதே கோர்ட் ஒப்பந்தத்தை ரத்து பண்ணி பிரீமியத்தைத் திருப்பிக் குடுக்கவும் சொல்லலாம். முதலாளி திவாலானா ஒரு பகுதி திரும்பக் கிடைக்க 1883 திவால் சட்டத்துல வழி இருந்துச்சு.

பொண்ணுங்களைப் பத்தி சுருக்கமா: பெரும்பாலும் வீட்டு வேலை, கொஞ்சம் பேர் தையல். தொழில்னு பேரு, கத்துக்க ஒண்ணும் பெருசா இல்லை.

1869-ல பள்ளி அறக்கட்டளைச் சட்டம் வந்தப்போ, அப்ரண்டிஸ் கட்டணத்துக்குன்னு எழுதி வெச்ச பழைய நிதியை, நிர்வாகிங்க சம்மதிச்சா, படிப்புக்குத் திருப்பலாம்னு வழி வெச்சாங்க. உயில் எழுதினவர் ஆசைக்கு விரோதம்னு சண்டை போட்டவங்க உண்டு. என் கட்சி, திருப்புனது சரி. பத்து பவுண்டுல நல்ல முதலாளி கிடைக்காத ஊர்ல அந்தப் பணம் கெட்ட முதலாளிக்குத்தான் போயிருக்கும்.

நம்ம பக்கமும் இது வந்துச்சு. கம்பெனி ஆட்சியில 1850-ஆம் வருஷ 19-ஆம் சட்டம், தர்மத்துல வளர்ற அநாதை, ஏழைப் பிள்ளைகள் தொழில் பழகத்தான் போட்டது. 10 வயசுக்கு மேல, 18-க்குக் கீழ, அதிகபட்சம் 7 வருஷம். இப்போ இருக்குற 1961 அப்ரண்டிஸ் சட்டம் வர்ற வரைக்கும் அது புத்தகத்துல இருந்துச்சு.

அந்தக் காலத்து ஒப்பந்தம் ஒண்ணு ஸ்கேனாவோ அசலாவோ உங்க கைக்குக் கிடைச்சா, முன்பக்க வாசகத்துல ரொம்ப நேரம் நிக்காதீங்க, எல்லாத்துலயும் அதேதான் இருக்கும். தொகையைப் பாருங்க, தவணை இருக்கான்னு பாருங்க, அப்புறம் தாளைத் திருப்புங்க. வேற முதலாளிக்கு மாத்துன குறிப்பும், ரெண்டாவது தவணைக்கு முதலாளி போட்ட ரசீதும் பல நேரம் பின்பக்கத்துலதான் இருக்கும். தவணை எழுதியிருந்து ரசீது எங்கயுமே இல்லைன்னா, அடுத்து டிரஸ்டோட கணக்குப் புத்தகத்துல அந்த வருஷத்தைத் தேடுங்க.