ஒரு சைபர் விட்டுப்போனால் லினக்ஸ் எழாது: பூட் ஆவணத்தைத் திருத்துவது எப்படி?

[திரை: கறுப்புப் பின்னணியில், ஒன்றன் கீழ் ஒன்றாக 10000, 100000]

வணக்கம். இந்த இரண்டு எண்களையும் பாருங்கள். இரண்டும் ஹெக்ஸ் எண்கள், அதாவது பத்துக்குப் பதில் 16ஐ அடிப்படையாகக் கொண்டவை. ரேமில் உள்ள முகவரிகள். மேலே இருப்பது 64 கிலோபைட், கீழே இருப்பது 1 மெகாபைட். ஒரே ஒரு சைபர்தான் வித்தியாசம். லினக்ஸின் மையப் பகுதியான கர்னலை எப்படி ரேமில் ஏற்றுவது என்று சொல்லும் பூட் ஆவணத்தில் இந்தச் சைபர் விட்டுப்போனால், அதை நம்பி பூட்லோடர் எழுதுகிறவரின் கணினி எழவே எழாது.

கர்னல் தானாக ரேமுக்கு வந்து உட்காராது. கிரப் போன்ற ஒரு பூட்லோடர் அதைக் கொண்டுவந்து வைக்க வேண்டும். எங்கே வைப்பது, எந்த பைட்டில் என்ன இருக்கும் என்பதை எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி வகை) கணினிகளுக்கான பூட் நெறிமுறை ஆவணம் சொல்கிறது. கர்னல் எழுதுகிறவர் வேறு, பூட்லோடர் எழுதுகிறவர் வேறு. இருவரும் கைகுலுக்குவது இந்தப் பக்கத்தில்தான்.

[திரை: ரேமின் படம்]

இசட்இமேஜ் என்ற பழைய வகைக் கர்னல் கோப்பு 64 கிலோபைட் முகவரியில் ஏறியது. அங்கே இருந்த இடம் 512 கிலோபைட். கர்னல் வளர வளர அது போதவில்லை. அப்புறம் வந்ததுதான் 1 மெகாபைட் முகவரியில் ஏறும் பிஇசட்இமேஜ். இந்த 'பி' என்பது 'பிக்', அதாவது பெரியது. பிஜிப்2 சுருக்கத்தைக் குறிக்கிறது என்று பல குறிப்புகளில் எழுதியிருக்கிறார்கள், அது தவறு. எங்கே பார்த்தாலும் திருத்துங்கள். ஜிஜிப்பில் சுருக்கினாலும் அதன் பெயர் பிஇசட்இமேஜ்தான்.

சரி, ஆவணத்தில் உள்ள முகவரி சரியா என்று எப்படிப் பார்ப்பது? இன்னொரு கட்டுரையைத் திறக்காதீர்கள், அதுவும் இதையே பார்த்து எழுதியதாக இருக்கலாம். கர்னல் மூலநிரலில் எக்ஸ்86 பூட் கோப்புறைக்குப் போய் ஹெடர் அசெம்பிளி கோப்பைத் திறங்கள். 32 பிட் கோட் தொடங்கும் முகவரியாக 100000 என்று அங்கேயே எழுதியிருக்கும்.

[திரை: கர்னல் கோப்பு, 512 பைட் கட்டங்களாக]

அடுத்தது எனக்கு உண்மையாகவே பதற்றம் தரும் இடம். கோப்பின் முதல் 512 பைட் பூட் செக்டர். அதன் பின் கர்னலுக்காகக் கணினியைத் தயார் செய்யும் செட்டப் செக்டர்கள், அதற்கும் பின்னால்தான் உண்மையான கர்னல். செட்டப் செக்டர் எத்தனை என்று ஹெடரில் ஒரு பைட் சொல்கிறது. அதில் 0 இருந்தால் 4 என்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது ஆவணம். முதல் முறை படிக்கிறவருக்கு இது அச்சுப்பிழை போலத் தெரியும். ஆனால் பழைய கர்னல்களும் ஓட வேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே வைத்த விதி அது. நல்லெண்ணத்தில் யாராவது அந்த வரியை நீக்கினால் என்ன ஆகும்? 4 செக்டரோடு பூட் செக்டரையும் சேர்த்து 5. அதை 512ஆல் பெருக்கினால் 2560. கர்னல் அந்த பைட்டில் தொடங்கும். பூட்லோடரோ 0 என்றால் செட்டப் செக்டரே இல்லை என்று எண்ணி 512இலேயே எடுத்துவிடும். செட்டப் கோடை கர்னல் என்று நினைத்து ஓட்டும். திரையில் பிழைச்செய்திகூட வராது, ஏனென்றால் அதை எழுத வேண்டிய கர்னல் இன்னும் எழவில்லை.

அதனால் விசித்திரமாகத் தெரியும் வரியைத் தொடும் முன் கிட் லாக், அதாவது மூலநிரலில் செய்த மாற்றங்களின் பதிவேடு, பாருங்கள். அந்த வரி ஏன் வந்தது என்று பெரும்பாலும் அதில் இருக்கும்.

[திரை: டெர்மினல்]

திருத்தத்தை பேட்ச் என்ற மாற்றக் கோப்பாக அனுப்ப வேண்டும். ஒரு பேட்ச், ஒரு திருத்தம். எந்த நிரல் வரியோடு ஒப்பிட்டீர்கள் என்பதை, மாற்றத்தை விளக்கும் கமிட் செய்தியில் எழுதுங்கள். இதை அனுப்ப எனக்கு உரிமை உண்டு என்று உங்கள் பெயரோடு உறுதி சொல்லும் சைன்ட் ஆஃப் வரியைச் சேருங்கள். யாருக்கு அனுப்புவது என்பதை கெட் மெயின்டெய்னர் ஸ்கிரிப்ட் சொல்லிவிடும். அனுப்பும் முன் ஆவணத்தை இணையப் பக்கமாக்கும் மேக் எச்டிஎம்எல்டாக்ஸ் கட்டளையை ஓட்டி, பக்கத்தை பிரவுசரில் பாருங்கள். அட்டவணையில் ஒரு நெடுவரிசை நகர்ந்திருந்தால், அந்தப் பக்கத்தை உருவாக்கும் கருவியான ஸ்ஃபிங்க்ஸ் எச்சரிக்கும். எச்சரிக்கை வரவில்லையா? அந்த ஆறு இலக்கங்களை இன்னொரு முறை எண்ணிவிட்டு அனுப்புங்கள்.