280 ரூபாய் ஜெல்லியும் இரண்டு கொம்புப் பையனும்

வணக்கம் மக்களே. முதலில் இந்தக் காபி ஜெல்லிக் கிண்ணத்தைப் பாருங்கள். கிட்டே கொண்டுவருகிறேன். ஆடுகிறதா? ஆடுகிறது! மூன்றாவது முயற்சி. முதல் இரண்டும் என்ன ஆயின என்று இப்போதே கேட்காதீர்கள், வயிறெரிச்சலோடு சொல்லத்தான் போகிறேன்.

'தி டிசாஸ்ட்ரஸ் லைஃப் ஆஃப் சைக்கி கே.' இந்த ஜெல்லி ஆசைக்குக் காரணமே இந்தத் தொடர்தான். மறுபடி முழுசாகப் பார்த்து முடித்தேன். 2016இல் வந்த அனிமே, அதாவது ஜப்பானியக் கார்ட்டூன் தொடர், ஐந்து நிமிடத் துண்டுகளாக 120. "ஒன்று மட்டும்" என்று உட்கார்ந்தால் விடிந்துவிடும். ஹீரோவின் முதல் பெயரைத் தமிழில் சத்தமாகச் சொன்னால் வீட்டில் மூக்கைப் பொத்துவார்கள். அதனால் சைக்கி என்றே வைத்துக்கொள்வோம்.

பையன் பிளஸ் ஒன் படிக்கிற வயசு. 200 மீட்டருக்குள் யார் என்ன நினைத்தாலும் அவன் தலைக்குள் கேட்கும். நினைத்த இடத்துக்கு நொடியில் போய்விடுவான், ஆனால் அடுத்த தடவைக்கு மூன்று நிமிடம் காத்திருக்க வேண்டும். இவ்வளவும் வைத்துக்கொண்டு அவனுக்கு வேண்டியது என்ன? யார் கண்ணிலும் படாமல் பள்ளிக்கூடம் போய் வருவது. மார்க்கிலும் ஓட்டப்பந்தயத்திலும் சரியாக நடுவில் வரப் பாடுபடுகிறான். முதல் ரேங்க் எடுப்பதைவிட நடு ரேங்க் எடுப்பதுதான் கஷ்டம் என்று இந்தத் தொடரைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. சக்தி வந்ததும் மொட்டை மாடியில் நின்று வசனம் பேசுகிற பள்ளிக்கூட ஹீரோக்கள் எனக்கு ஆகாது, உங்களுக்கே தெரியும்.

ஐயோ, கொம்பைச் சொல்லவே இல்லை! தலையில் இரண்டு ஊசி மாதிரி நீட்டிக்கொண்டிருக்குமே, அது அழகுக்கு இல்லை. அவன் சக்தியைக் கட்டுக்குள் வைக்க அண்ணன் செய்து கொடுத்தது. பச்சைக் கண்ணாடியும் அப்படித்தான், கழற்றிவிட்டு யாரையாவது பார்த்தால் அவர் கல்லாகிவிடுவார்.

எனக்குப் பிடித்தது அவன் கூடப் படிக்கிற நெண்டோ. எல்லாரும் பள்ளிக்கூட அழகி தெருஹாஷியைப் பார்த்து "ஓஃபு" என்று மயங்கட்டும், எனக்கு அந்தப் பிளந்த மோவாய்ப் பையன் நெண்டோ போதும். அவன் மண்டைக்குள் யோசனையே ஓடாது. அதனால் ஊரில் எல்லார் மனசையும் படிக்கிற சைக்கிக்குப் பின்னால் அவன் ஒருவன்தான் சத்தமில்லாமல் வந்து நிற்க முடியும். கரப்பான் பூச்சியைக் கண்டாலும் சைக்கி நடுங்குவான், காரணம் அதேதான், அது என்ன நினைக்கிறதென்று தெரியாது. மற்ற எல்லாமே அவனுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். மர்மப் படத்துக்குப் போனால் பக்கத்து சீட்டுக்காரர் மனசே கொலைகாரன் யாரென்று சொல்லிவிடும். பாவம் இல்லையா?

சரி, ஜெல்லி. சைக்கிக்கு உயிர் காபி ஜெல்லி. அதைப் பார்த்து ஆசைப்பட்டு ஒரு கஃபேயில் வாங்கினேன். 280 ரூபாய். வரியோடு 294! கிளாஸ் இரண்டு விரல் உயரம், அதில் ஒரு விரல் க்ரீம். இரண்டு நாள் தூக்கம் வரவில்லை எனக்கு.

அப்போதுதான் வீட்டிலேயே செய்வதென்று முடிவு. ஜெல்லியை உறைய வைக்கிற கடல்பாசி (அகர் அகர்) பாக்கெட் 10 கிராம், 45 ரூபாய். முதல் தடவை பாக்கெட் முழுவதையும் இரண்டு டம்ளர் டிகாக்‌ஷனில் கொட்டினேன். ரப்பர் செருப்பு. கத்தி இறங்கவில்லை. இரண்டாவது தடவை ஊற வைக்காமல் போட்டதில் நார் நாராக மிதந்தது. கீழ் வீட்டு அக்கா ரம்ஜானுக்கு வருஷா வருஷம் கடல்பாசி காய்ச்சுகிறவர். பார்த்துச் சிரித்துவிட்டு, "தண்ணியில நல்லாக் கொதிச்சுக் கரையட்டும்மா, அப்புறம் டிகாக்‌ஷனை ஊத்து" என்றார். அவ்வளவுதான் விஷயம். ஃபிரிட்ஜ்கூட வேண்டாம், மேசை மேலேயே உறைந்துவிட்டது.

ஆ, ஒன்றை விட்டுவிட்டேன்! சைக்கியிடம் அபோர்ட் என்று ஒரு சக்தி இருக்கிறது. ஒரு பொருளைக் கொடுத்து வேறு பொருளை வரவழைக்கலாம், ஆனால் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே விலை இருக்க வேண்டும். அப்படியென்றால் என்னுடைய இந்தக் கிண்ணத்தைக் கொடுத்தால் அந்தக் கஃபே கிளாஸ் வரவே வராது. இரண்டு சமோசாவும் ஒரு டீயும் வரும்.

எனக்குச் சமோசாவே போதும். இருங்கள், கரண்டி எடுத்து வருகிறேன்.