ஒரே தாளில் நாலு கையெழுத்து

நேயர்களுக்கு வணக்கம்.

பெரிய நகரத்துப் பல்கலைக்கழகத்தில் படிக்க இடம் கிடைத்துவிடுகிறது. தங்க இடம்தான் கிடைப்பதில்லை. விடுதி பல இடங்களில் முதலாம் ஆண்டோடு சரி. அப்புறம் வெளியே வீடு தேட வேண்டியதுதான். தேடும்போது எல்லாரும் முதலில் கேட்பது, "வாடகை எவ்வளவு?" நான் முதலில் கேட்கச் சொல்வது வேறு: "ஒப்பந்தத்தில் யார் யார் கையெழுத்து?"

நாலு பேர் சேர்ந்து ஒரு வீடு எடுக்கிறார்கள். அவரவர் பங்கை அவரவர் கொடுத்தால் போதும் என்று நினைக்கிறார்கள். நாலு பேரும் ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, அதில் 'கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு' என்று ஒரு வரி இருந்தால் கதையே வேறு. பங்கு பிரித்தது உங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு. வீட்டுக்காரரை அது கட்டுப்படுத்தாது. ஒருவர் படிப்பை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டால், அவருடைய பாக்கியை மற்ற மூவரிடமும் கேட்கலாம், மூவரில் வசதியானவர் ஒருவரிடம் மட்டும்கூடக் கேட்கலாம். கதவை உடைத்தது யாராக இருந்தாலும் பிடித்தம் பொதுவான முன்பணத்தில்தான். ஜாமீன் போட்ட பெற்றோர் பாடு இன்னும் சங்கடம். தன் பிள்ளையின் பங்குக்குத்தான் ஜாமீன் என்று நம்பியிருப்பார்கள். தாளில் வீட்டின் முழு வாடகைக்கும் என்று இருக்கும். ஜாமீன் இன்ன தொகை வரைதான் என்று எழுதித் தரக் கேளுங்கள். சிலர் மறுப்பார்கள், கேட்பதில் நஷ்டமில்லை.

அறைக்கு அறை தனி ஒப்பந்தம் கிடைத்தால், வாடகை சற்றுக் கூடினாலும் நான் அதைத்தான் சொல்வேன். பக்கத்து அறைக்காரர் கட்டாத பணம் உங்கள் தலையில் விழாது. அங்கே யார் குடிவருவார் என்பது மட்டும் உங்கள் கையில் இருக்காது. ஒருவர் பேரில் வீட்டை எடுத்து மற்றவர்கள் அவரிடம் பணம் கொடுக்கும் வழக்கமும் உண்டு. உள்வாடகைக்குத் தடை இருந்தால் எல்லாரும் ஒன்றாக வெளியே நிற்க நேரும்.

"நண்பர்களுக்குள் எழுத்து எதற்கு?" என்பார்கள். நண்பர்களாக இருப்பதால்தான் எழுதிக்கொள்ளச் சொல்கிறேன். முன்பணத்தில் யார் எவ்வளவு போட்டார், பாதியில் கிளம்புகிறவர் மாற்று ஆள் வரும்வரை வாடகை தருவாரா, இவ்வளவு இருந்தால் போதும், ஒரு பக்கம்கூட ஆகாது. மாற்று ஆள் வந்ததும் வீட்டுக்காரரிடம் சொல்லி, பழைய பெயரை நீக்கிப் புதிய பெயரைச் சேர்த்து எழுதி வாங்குங்கள். சாவியைக் கை மாற்றியதால் மட்டும் பொறுப்பு கை மாறிவிடாது.

காலக்கணக்கும் உண்டு. கல்வியாண்டு பெரும்பாலும் 9 அல்லது 10 மாதம். ஒப்பந்தமோ பல இடங்களில் 11 அல்லது 12 மாதம். விடுமுறையில் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கும் வாடகை ஓடும். முன்கூட்டியே காலி செய்ய எத்தனை நாள் நோட்டீஸ் தர வேண்டும் என்று பாருங்கள். சட்டம் ஊருக்கு ஊர் மாறுவதால், சீனியர் சொன்னது உங்கள் ஊருக்குப் பொருந்தாமல் போகலாம்.

முன்பணம் வீணாகப் பிடிபடாமல் திரும்பி வர ஒரே மருந்து படம். சாமான் இறக்குவதற்கு முன்பே சுவர், தரை, குழாய், மின் மீட்டர் எல்லாவற்றையும் படம் எடுத்து, அன்றைக்கே வீட்டுக்காரருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். தேதியோடு சாட்சி ஆயிற்று.

தொலைவிலிருந்து வீடு பார்க்கிறவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். அழகான படம், அந்த வட்டாரத்துக்குப் பொருந்தாத குறைந்த வாடகை, "நான் வெளிநாட்டில் இருக்கிறேன், பணம் போடுங்கள், சாவி தபாலில் வரும்" என்ற பதில். இது பழைய மோசடி, இன்னும் ஓடுகிறது. நேரலை வீடியோவில் குழாயைத் திறக்கச் சொல்லுங்கள், ஜன்னல் வழியே தெருவைக் காட்டச் சொல்லுங்கள். முடிந்தால் அந்த ஊரில் இருக்கும் ஒருவரை நேரில் அனுப்புங்கள்.

பல பல்கலைக்கழகங்களில் மாணவர் சங்கமோ வீட்டு உதவிப் பிரிவோ ஒப்பந்தத்தைக் கட்டணமின்றிப் படித்துச் சொல்லும். தாளை ஒரு நாள் கையில் வாங்கி அங்கே கொண்டுபோங்கள். அந்த ஒரு நாளைக்கூடத் தர மறுக்கும் வீட்டுக்காரரோ புரோக்கரோ இருந்தால், அடுத்த வீட்டைப் பாருங்கள்.

நன்றி, வணக்கம்.